ராஜமாதாவின் இருமல்

மூன்றாவது இருமலில் வெள்ளைக் கைக்குட்டை சிவந்துபோனது. அம்மா அதைச் சட்டென்று தலையணைக்கு அடியில் செருகினாள். மகன் கண்ணில் படட்டும் என்று ஒரு முனையை மட்டும் வெளியே விட்டுவைத்தாள்.

"அம்மா! என்னம்மா இது, ரத்தம்!" மகன் பதறிப்போனான்.

"ஒண்ணுமில்லப்பா. நீ போற வேலையைப் பாரு. என் கதை கிடக்கட்டும்."

சீன அரண்மனைத் தொடரின் முப்பத்தொன்றாவது பகுதியில் ராஜமாதா பேசும் வசனம் அது. தமிழ் டப்பிங்கில் கேட்டதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அந்த இருமலைப் பார்த்ததும் எல்லைக்குப் புறப்பட்ட இளவரசன் கவசத்தைக் கழற்றி வீசிவிட்டு அரண்மனையிலேயே தங்கிவிட்டான்.

தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபின், கத்தியோடு கூரைக்குக் கூரை தாவுகிறவர்களை வேடிக்கை பார்க்கத்தான் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஒரே மாதத்தில் அரண்மனைச் சூழ்ச்சிகள் அத்தனையும் அத்துப்படி. ஒரே குறை, டிவி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முந்தின நாள் முப்பதாவது பகுதியில் நிறுத்தினால், மறுநாள் தானாகவே முப்பத்தெட்டைக் காட்டும்.

"நீ ரிமோட் மேல உக்காந்திருப்பேம்மா" என்பான் மகன்.

போன வாரம் அவன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். வேறு ஊரில் பெரிய வேலையாம். அடுத்த மாதம் பெண்டாட்டியோடு கிளம்புகிறானாம். "நர்ஸ் வேலை எங்க போனாலும் கிடைக்கும். வீட்டைப் பாத்துக்க நீ இருக்கே" என்று எல்லாவற்றையும் அவனே முடிவு செய்துவிட்டான்.

நான்கு அறை வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டு இருப்பதா? அம்மா விடுவதாக இல்லை. அவன் அதைச் சொன்னபோது மருமகள் வாயே திறக்கவில்லை. பேசாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதெல்லாம் இவள் ஓதிய மந்திரம்தான் என்று அம்மா அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். அரண்மனையில் வாய் திறக்காதவளைத்தான் நம்பக்கூடாது.

தெய்வம் அம்மா பக்கம்தான் இருந்தது. பீட்ரூட் என்றாலே முகம் சுளிக்கிற வீடு இது. ஆனாலும் நேற்று பிரிட்ஜின் அடித்தட்டில் ஒரே ஒரு பீட்ரூட் கிடந்தது. கடைக்காரன் தவறிப் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, துருவிப் பிழிந்து ஒரு சின்ன சீசாவில் ஊற்றி வைத்துக்கொண்டாள்.

எல்லாம் சரி, இப்போது மகன் வாசலைப் பார்த்துக் கத்துகிறானே! "இங்க வா சீக்கிரம்! அம்மா ரத்தமா இருமறாங்க!"

ஊரையே ஏமாற்றலாம், ஒரு நர்ஸை எப்படி ஏமாற்றுவது? நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் படியேறிய மருமகள், பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். தலையணைக்கு அடியிலிருந்து கைக்குட்டையை உருவினாள்.

ஒரு கணம்தான். அவள் மூக்கு லேசாக விடைத்தது. அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"குடு, நானும் பாக்கறேன்" என்று மகன் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" மருமகள் கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். "கிருமி ஏதாவது இருக்கும்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம். எங்க பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். மனசு விட்டுப்போனா இந்த மாதிரி வரும். பக்கத்துலயே ஆள் இருக்கணும். இந்த நிலைமையில நாம ஊரைவிட்டுப் போனா…" அவள் முடிக்கவில்லை.

"போனா?"

"நான் என்னத்தைச் சொல்ல? உங்க அம்மா, உங்க இஷ்டம்."

அதுவும் எங்கோ கேட்ட வசனம்போலத்தான் இருந்தது. ஆனால் அதை யோசிக்கிற நிலையில் அம்மா இல்லை. மகன் கட்டிலைச் சுற்றி இரண்டு நடை நடந்தான். பிறகு, "எனக்கு அந்த வேலையே வேண்டாம். இப்பவே சொல்லிடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

அம்மாவுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. பத்து வருஷ அனுபவமுள்ள நர்ஸின் கண்ணில் மண்ணைத் தூவியாயிற்று! அந்த ராஜமாதாகூட வயசான அரண்மனை வைத்தியரைத்தான் ஏமாற்றினாள்.

மருமகள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நிதானமாக இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா பாக்கறே?" அம்மாவின் குரல் கம்மியது. இந்தத் தடவை அது நடிப்பில்லை.

மருமகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"என்ன அத்தை நீங்க, இந்த பீட்ரூட்டை நாளைக்கு நான் இருமறதுக்குல்ல வாங்கி வச்சிருந்தேன்!"