இறந்தவருக்கு என்ன உறவு

பேனாவை வாங்கிவிட்டார். மூடியையும் கழற்றிவிட்டார்.

படிவத்தில் 'எந்தச் சபை' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

எதிரே உபதேசியார், போதகருக்கு அடுத்தபடி சபை வேலைகளைப் பார்ப்பவர். கல்லறைத் தோட்டத்து அலுவலகம் என்பது ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, சுற்றாத ஒரு மின்விசிறி.

வெளியே ஆம்புலன்ஸில் அவர் மனைவி சொர்ணபாய் கிடக்கிறாள். நேற்றுக் காலையில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை.

கடைசியாக அவள் கேட்டது ஒன்றுதான். எங்கம்மை பக்கத்துல என்னைப் போடுங்க.

அம்மை கிடப்பது இந்தத் தோட்டத்தில். அதனால்தான் நாற்பது கிலோமீட்டர் கொண்டுவந்திருக்கிறார்.

ஆனால் அவருக்கு எந்தச் சபையும் இல்லை.

அதாவது, சபை உண்டு. பெயர் கிடையாது.

மனுஷன் வைத்த பெயரெல்லாம் மனுஷனோடது, பரலோகத்தில் பெயர்ப்பலகை இல்லை என்று சொல்லிக்கொண்டு, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஊரில் பன்னிரண்டு குடும்பங்கள் தாய்ச்சபையை விட்டு வெளியே வந்தன. முன்னால் நடந்தவர் அவர். துண்டுப்பிரசுரம் எழுதியவரும் அவரே. அதைத் தலைப்பில்லாமல் அச்சடித்தார்கள்.

ஊர் அவர்களைப் 'பேரில்லாக் கூட்டம்' என்று கூப்பிட்டது.

அப்படிக் கூப்பிடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

பிறகு இரண்டாகப் பிரிந்தார்கள். எந்தப் பாதிக்கு உண்மையாகவே பெயர் இல்லை என்பதில் தகராறு.

அவருடைய பாதியின் மூப்பர்கள் நாலு பேர் இப்போது வேனில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே வர மாட்டார்கள். தோட்டத்து வாசல் வளைவில் தாய்ச்சபையின் பெயர் எழுதியிருக்கிறது. அதன் கீழே நுழைந்தால் அதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார். பார்க்காவிட்டால் பாவமில்லை.

மூப்பர் ஏசுவடியான் வேன் கண்ணாடியை இறக்கி, அவர் முதுகுக்குச் சொன்னார். "பிரதர், எதையும் எழுதிக் குடுக்காதேயும். நகராட்சி இடம் இருக்கு. எழுதிட்டு வந்தீர்னா ஞாயித்துக்கிழமை ஆராதனைல உமக்கு அப்பம் கிடையாது."

உபதேசியாருக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். பொறுமைசாலி.

"எழுதுங்க ஐயா."

"அந்த இடத்தை மட்டும் விட்டுறலாமா?"

"எதை வேணும்னாலும் விடலாம். அதை விட்டா போதகரையா கையெழுத்துப் போட மாட்டாங்க."



உபதேசியார் தாளைத் தன் பக்கம் இழுத்து, மேலே எழுதியிருந்ததைப் படித்தார். புருவம் உயர்ந்தது.

"மேலத்தெரு சொர்ணபாயா?"

எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். தடித்த பதிவேடு ஒன்றை எடுத்து வந்து புரட்டினார்.

"அட, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? நம்ம சபை ஆளுல்லா! வருஷா வருஷம் அசனத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவாங்க."

அசனம் என்றால் சபையின் பண்டிகை விருந்து.

வருஷத்துக்கு ஒருநாள் சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புவாள். வரும்போது தூக்குவாளியில் ஆட்டுக்கறிக் குழம்பு இருக்கும். சித்தி கைப்பக்குவம் என்பாள். அசனம் விக்கிரக விருந்துக்குச் சமம் என்று பிரசுரத்தின் நாலாம் பக்கத்தில் எழுதிய மனுஷன், இருபத்தாறு வருஷமாக அதை வாளியை வழித்துத் தின்றிருக்கிறார்.

அப்படியொரு சித்தி உண்டா என்பதே இப்போது சந்தேகமாக இருந்தது.

உபதேசியாரே சபையின் பெயரை எழுதினார். அவர் தடுக்கவில்லை. தன் கையால் எழுதவில்லை, வேனில் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.



தலையை நீட்டிப் பதிவேட்டைப் பார்த்தார். சொர்ணபாய். அவள் கையெழுத்து, கோணல் மாணலாக, வரிசை வரிசையாக. அதற்கு முன்னால் ஒரு கட்டம்.

விதவை.

எந்த வருஷத்திலிருந்து என்றும் போட்டிருந்தது. அவர் முன்னால் நடந்து சபையை விட்டு வெளியே வந்த அதே வருஷம்.

"இது..." என்றார்.

"பாவம், சின்ன வயசுலயே போயிட்டாராம். உயிரோட இருந்து வேற சபைக்குப் போயிருந்தார்னா குடும்பத்தோட பேரை அடிச்சிருப்போம். விதவைன்னா தனிப் பேரு. தோட்டத்துல இடமும் உண்டு."

"அவரப் பத்தி ஏதும் சொல்லுவாளா?" நாக்கைக் கடித்துக்கொண்டார். "சொல்லுவாங்களா?"

"பேரு கேட்டா சிரிப்பாங்க. எங்க வீட்டு அவியளுக்குப் பேருன்னாலே ஆகாதும்பாங்க." உபதேசியாரும் சிரித்தார். "தப்பா ஒரு வார்த்தை சொன்னதில்ல."

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

உபதேசியார் தாளை அவர் பக்கம் திருப்பினார். கடைசியில் ஒரு கட்டம் பாக்கி.

இறந்தவருக்கு என்ன உறவு.

"நீங்க அவங்களுக்கு யாரு ஐயா?"

முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்ததற்கு ஒரே ஒரு சொல்தான் உண்டு. அதை எழுதினால் பதிவேட்டில் ஒரு வரி அடிபடும். உபதேசியாரின் சட்டைப்பையில் சிவப்புப் பேனா தயாராக இருந்தது.

எழுதினார்.

பக்கத்து வீடு.

"நல்ல மனசு உங்களுக்கு," என்று உபதேசியார் முத்திரையைக் குத்தினார். "மொத மண்ணு சொந்தக்காரங்க போடணும். யாரும் வந்திருக்காங்களா?"

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"யாரும் இல்ல."

"அப்ப நானே போட்டுர்றேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார்.