எது நிற்கும்

லாயத்தில் இருந்தவர்கள்: வலிப்பு நோயாளியான அருள்நம்பி, அவர் மனைவி கோமளம், குதிரை வியாபாரி மஸ்தான், மூன்று குதிரைகள். வலிப்பு உள்ளவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். குதிரைக்கு உரிமம் வேண்டியதில்லை. இனி யார் வண்டியிலும் பின்னால் உட்கார்ந்து போக மாட்டேன் என்று அருள்நம்பி சபதம் செய்திருந்தார்.

“மார்வாரி ஜாதிக் குதிரை உசரம். விழுந்தா மண்டை போயிரும்,” என்றார் மஸ்தான். “கத்தியவாரி மிரளும். மட்டக்குதிரை சாது, ஆனா உங்க எடையத் தாங்கணும்.”

“நான் மேல துடிக்கும்போது எது ஓடாம நிக்கும், பாய்?”

“அதுங்க உங்க வலிப்பப் பார்த்ததில்லையே சார். காட்டினாத்தான் தெரியும்.”

மூவரும் வலிப்புக்காகக் காத்திருந்தார்கள். வராதே என்று வேண்டியே பழகியவருக்கு, வா என்று எப்படிக் கூப்பிடுவதெனத் தெரியவில்லை.

மஸ்தான் மூன்று குதிரைகளையும் அவிழ்த்துவிட்டார். “வர்ற வரைக்கும் இதுங்களோட இருங்க.”

கோமளம் கீழே கிடந்த லாடத்தை எடுத்துக் கணவர் கையில் திணித்தாள். “கையில இரும்பு இல்லாம விடமாட்டேன்.”

“ஏம்மா, இரும்பப் புடிச்சா வலிப்பு நின்னுருமே. அப்புறம் குதிரைய எப்படிப் பாக்குறது?” என்றார் மஸ்தான்.

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. சரியாகப் பட்டதுதான் அவளுக்கு விளங்கவில்லை. “ஏங்க, என்ன செய்யட்டும்?” என்றாள். அருள்நம்பி லாடத்தை விடவில்லை. அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மஸ்தான் பின்னாலேயே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார்.