அண்ணாச்சியின் ஒன்பது கல்

"துண்டை எடுத்து வை சுப்புத்தாயி. காமாலை எறங்கிருச்சு, ஊருக்குப் போவோம்."

மார்க்கையன்கோட்டை முத்துக்கருப்பன் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். நாளைக்குப் பித்தப்பை ஆபரேஷன். அன்று காலைதான் தேனி ஆஸ்பத்திரியில் இந்த வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்னதிலிருந்து மனுஷன் இதே பாட்டுத்தான்.

மனைவி சுப்புத்தாய் வழியை மறித்து நின்றாள்.

"பித்தக்குழாய்ல அடைச்ச கல்லை மட்டுந்தான் வாய் வழியா டியூப் விட்டு எடுத்தாக. பையில இன்னும் கெடக்காம். மறுபடி ஒண்ணு எறங்குனா உசுருக்கே ஆபத்துன்னு சொன்னாகள்ல?"

"கீழாநெல்லி குடிச்சுக்கிறேன். வயித்துல கத்தி வைக்க விடமாட்டேன்."

கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் வராந்தாவுக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்தப் பக்கமாக வந்தார் பக்கத்து பெட்காரர் ஞானசிகாமணி. பழனிசெட்டிபட்டியில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிற்காமல் வாசலுக்குப் போய்விட்டார்.

என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போவார்? சுப்புத்தாய்க்கு எரிச்சலாக வந்தது.

பத்து நிமிஷத்தில் திரும்பியவர், தன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சின்ன பாட்டிலைக் குலுக்கினார்.

"என்ன அண்ணாச்சி அது?" என்றார் முத்துக்கருப்பன்.

"என் பித்தப்பைக் கல்லு. ஒம்போது! முந்தாநாள் ஆபரேஷன் பண்ணி, கையிலயே குடுத்துட்டாக."

"வலிக்கலையா?"

"நாலு சின்ன ஓட்டை. முழிச்சுப் பாத்தா கட்டில்ல கெடக்கேன். இந்தா, நடக்கேன்ல?"

"காயத்தைக் காட்டுங்க."

"பிளாஸ்திரியை எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக." அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டார். "ஆமா, பாம்பு நெளியிற வயல்ல இருட்டுக்குள்ள தண்ணி பாய்ச்சுற ஆளு, நாலு ஓட்டைக்கா பயப்படுறீக? தராசு பிடிக்கிற நானே படுத்து எந்திரிச்சுட்டேன்!"

சுப்புத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தி தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவர் பீற்றிக்கொள்ள வந்துவிட்டார்!

ஆனால் முத்துக்கருப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யாருக்குப் பயம்? அந்தப் பேப்பரைக் கொண்டாரச் சொல்லு சுப்புத்தாயி!"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். முத்துக்கருப்பன் கையில் இப்போது அவருடைய சொந்த பாட்டில்.

"அண்ணாச்சி, எனக்குப் பதினாலு!"

ஞானசிகாமணி சிரிப்பதற்குள் நர்ஸ் மகிமா வந்துவிட்டாள்.

"ஞானசிகாமணி ஐயா, ஒருவழியா உங்க சுகர் எறங்கிருச்சு. நாளைக்குக் காலையில உங்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன். கையெழுத்துப் போடுங்க."

சுப்புத்தாய் திகைத்துப்போனாள்.

"அப்ப அந்த ஒம்போது கல்லு?"

"வாசல்ல குரோட்டன்ஸ் தொட்டியில பொறுக்குனது தங்கச்சி. நீ அழுததப் பாத்ததும் எனக்கு வேற வழி தெரியலை."

சுப்புத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. ஞானசிகாமணி மெல்ல நகர்ந்து வந்து முத்துக்கருப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாவே வலிக்கலையாய்யா?"