மொத்த வகுப்பும்

நெய்வேலிப் பள்ளியொன்றில் பிளஸ் டூ பிரிவுபசார விழா. வகுப்புத் தலைவி அன்புக்கரசி மேடையேறி ஏழு வருடக் கதையை எடுத்துவிட்டாள்.

"எங்க கிளாஸ்ல சண்டை வராத நாளே கிடையாதுங்க. ஆனா வெளியாளு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா, மொத்த கிளாசும் ஒண்ணா எழுந்து நிக்கும். நாளைக்கு எங்க கிளாஸ்லருந்து நர்ஸ் வருவாங்க, வக்கீல் வருவாங்க!"

கீழ்வகுப்புப் பிள்ளைகளின் கைதட்டல் அடங்கியதும், குரூப் போட்டோவுக்காக போட்டோக்காரர் மூன்று வரிசை பெஞ்சு போட்டார்.

"எல்லாரையும் வரச் சொல்லும்மா."

அன்புக்கரசி தமயந்தியின் கையைப் பிடித்து இழுத்து வந்து நின்றாள். "வந்துட்டோம் சார்."

"மத்தவங்க?"

"மத்தவங்கன்னு யாரும் இல்லைங்க. கிளாஸே நாங்க ரெண்டு பேருதான்."

ஆறாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வேறு பள்ளிகளுக்கு மாறினார்கள். மீதிப் பேரில் ஒவ்வொருவராக, அப்பா ரிட்டயர் ஆனதும் நிலக்கரி நிறுவனத்தின் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் தமயந்தியின் முறை.

"பத்து வருஷம் கழிச்சு கிளாஸ் மொத்தமும் இங்க கூடணும்டி," என்றாள் அன்புக்கரசி.

"சங்கரன்கோவில்லருந்து நான் எப்படிடி வர்றது? பஸ் கிடைக்கலைன்னா?"

"பாதி கிளாஸ் ஆப்சென்ட்னு எழுதிடுவேன். ஒழுங்கா வந்து சேரு!"