முப்பத்திரண்டு ஸ்க்ரூ

கணவர் பெயருக்கு வந்த பார்சலைப் பிரித்தது தப்புதான். ஆனால் பிரித்த பிறகு அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்பு உலோகத் தட்டு. தட்டு முழுக்க ஓட்டைகள், கூடவே ஒரு சின்னப் பையில் பொடிப் பொடியாக ஸ்க்ரூக்கள். பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

“அதுவா, ரிமோட்ல ஓடற பொம்மை மான்ஸ்டர் டிரக்கோட சேஸிஸுங்க, அடிச்சட்டம்,” என்றார் கடைக்காரர் உற்சாகமாக. “கம்பெனி குடுக்கறது பிளாஸ்டிக். நாலு தடவை குதிச்சா நடுவுல விரிசல் விட்டுடும். இது வெளியில பண்றது, கெட்டி அலுமினியம். மோட்டார், கியர் பாக்ஸ், ஷாக் அப்சார்பர் எல்லாத்தையும் பழசுலேர்ந்து கழட்டி இதுல மாட்டணும். மொத்தம் முப்பத்திரண்டு ஸ்க்ரூ. ஆமா, வண்டி உங்க பையனோடதா, பொண்ணோடதா?”

அவள் போனை வைத்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அந்த வீட்டில் பையனும் இல்லை, பெண்ணும் இல்லை.

சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். எதற்கென்று மறந்துபோய் அணைத்தாள். வாசல் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நாலு நடை நடந்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டாள்.

“நான் அப்பவே சொன்னேன்ல அக்கா. நாப்பத்தஞ்சு வயசுல திடீர்னு சட்டையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு, டி-ஷர்ட்டா மாட்டிக்கிட்டுத் திரியறாரே மாமா, அது யாருக்காகன்னு நினைச்சே?”

“சும்மா இருடி.”

“நான் சும்மாதான் இருக்கேன். அவர் சும்மா இருக்காரான்னு போய்ப் பாரு.”

பார்சலைப் பழையபடியே ஒட்டி மேசைமேல் வைத்தாள். சனிக்கிழமை மதியம் அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“எங்கே?”

“சலூனுக்குத்தான். சனிக்கிழமை கூட்டம் உனக்குத் தெரியாதா?”

“அது என்ன கையில?”

“இதுவா? கத்தி, கத்திரிக்கோல் வைக்கிற தட்டு.”

இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய்யா, அல்லது அவளுக்குப் பிடிபட்ட முதல் பொய்யா? அந்தக் கேள்வியோடுதான் அவளும் பின்னாலேயே இறங்கினாள்.

அவர் கத்தி வைத்தால் ஒரு கீறல் விழாது என்று பேர். அவர் கைக்காகவே காத்திருந்து ஷேவிங் செய்துகொண்டு போகிறவர்கள் உண்டு. ஆனால் அன்று அவர் தன் சலூனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே கூட்டாளி ஒற்றை ஆளாகக் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் தாண்டி நடந்தார். மூன்று தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறினார்.

அவள் கீழேயே நின்றாள். போய்விடலாம் என்று திரும்பினாள். நாலு எட்டு வைத்தாள். அப்புறம் விடுவிடுவென்று படியேறினாள்.

கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது.

“பிரமாதம்! போன வாரம் நீங்க இவ்வளவு தூரம் வரலையே!” என்றது ஒரு பெண் குரல். “பயப்படாதீங்க, நான் பிடிச்சுக்கறேன்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு மாதக் கணக்காகிறது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேசைமேல் பெரிய பெரிய சக்கரங்கள், மோட்டார், ஒயர்கள், விரிசல் விட்ட பிளாஸ்டிக் சேஸிஸ், அதன் பக்கத்தில் பளபளவென்று புதுசு. கணவரின் வலது மணிக்கட்டை ஓர் இளம்பெண் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கே குழந்தை?” என்றாள் இவள்.

அவர் விருட்டென்று எழுந்தார். அந்தப் பெண் பிடியை விடவில்லை. “எந்தக் குழந்தைங்க?”

“இந்த வண்டி யாருக்கோ, அந்தக் குழந்தை! எத்தனை வயசு? இவர் சாடையா, உங்க சாடையா?” கணவரிடம் திரும்பினாள். “எனக்கு இல்லாத ஒண்ணு உங்களுக்குக் கிடைச்சிருந்தா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன, ஊரைக் கூட்டவா போறேன்?”

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “வீட்டுல இன்னுமா சொல்லலை?”

அவர் மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு ஸ்க்ரூவை எடுத்துப் புது சேஸிஸின் ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோனார். அது ஓட்டைக்கு மேலேயே அலைந்தது, உட்கார இடம் கிடைக்காத ஈ மாதிரி. பிறகு கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்து, உருண்டு, எங்கோ மேசைக்கடியில் போயிற்று.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“குழந்தை யாரும் இல்லைம்மா. டாக்டர் சொல்லி இவங்ககிட்டக் கைப் பயிற்சிக்கு வர்றேன், இந்தப் பொம்மை வண்டியைக் கழட்டி மாட்டறதுதான் பயிற்சி... நாலு மாசமா இந்தக் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.”