தலையால் அடித்த கோல்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கார்ன்மூர் கால்பந்து கிளப்பில் சட்டை துவைக்க வந்தவள் நான். ஸ்காட்லாந்தில் எங்கள் ஊர் சின்னது. மேனேஜர் டூகல் கெடஸைப் பற்றி ஒரு வார்த்தை மாறினாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

போன சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம். பாதி அணி காய்ச்சலில் படுத்திருந்தது. மாற்று ஆளே கிடையாது. இடைவேளைக்குச் சற்று முன் கேப்டன் ரோரி தலையோடு தலை மோதி விழுந்தான். தள்ளாடி எழுந்தான். கூட்டம் கைதட்டியது.

டூகல் அவனை வெளியே கூப்பிட்டுவிட்டார். இனி பத்துப் பேர்தான்.

"யோவ் டூகல்! கட்டுப் போட்ட தலையோட கோல் அடிச்ச ஆளாய்யா நீ?"

"வீட்ல போய் முட்டைக்கோஸ் நடுய்யா!"

அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மைதானச் சுவரில் அதைத்தானே வரைந்து வைத்திருக்கிறோம். கோப்பை இறுதி ஆட்டம், ரத்தம் கசியும் கட்டு, இளவயது டூகல், தலையில் பந்து.

இடைவேளையில் நான் உடைமாற்றும் அறையில் ஈரச் சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல பாஸ். நான் இறங்குறேன்" என்றான் ரோரி.

"உட்காரு."

"நீங்க மட்டும் ஹீரோவா? உங்க கோலை யாராவது முந்திடுவாங்கன்னு பயம்!"

மற்றவர்கள் மைதானத்துக்குப் போனதும் டூகல் என் பக்கம் திரும்பினார்.

"நெட்டா, அந்தக் கோலை இவனுக்குச் சொல்லு."

"நானா? வருஷா வருஷம் கிளப் விருந்துல நீங்கதானே சொல்றீங்க?"

"நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்றேன்."

என்ன தப்பாகச் சொல்லியிருந்தேனோ! டூகல் அவன் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு என் தலை மோதினது ஞாபகம் இருக்கு, ரோரி. அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரை. நடுவுல ஒண்ணுமே இல்லடா. டிவில பார்த்தா வேற யாரோ அடிச்ச மாதிரி இருக்கு. என் வாழ்க்கையிலயே பெரிய கோல், ஊரே பார்த்துச்சு. நான் பார்க்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு துவைத்த சட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோதெல்லாம், "இன்னொரு தடவை சொல்லு நெட்டா" என்பார். பெருமைக்குக் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

ரோரியின் குரல் இறங்கிவிட்டது. "இதை வெளிய சொல்லிடுங்க பாஸ். திட்டுறதை நிறுத்திடுவாங்க."

"அவங்களுக்கு அந்தக் கோல் வேணும்டா. அவங்ககிட்டயாவது இருக்கட்டும்."

வெளியே நடந்தார். வசவு மழையாகக் கொட்டியது. குனியாமல் நடந்தார் எங்கள் டூகல். அந்தச் சுவர்ப் படத்தைவிட அந்த நடைதான் எனக்கு அழகாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் எதிரணி கோல் போட்ட சத்தம். ரோரி துள்ளி எழுந்தான். அவன் கண் கழற்றிப் போட்ட பூட்ஸைத் தேடியது.

கிடைக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று அதை முன்பே வாஷிங் மெஷினுக்குள் போட்டுச் சுற்றவிட்டிருந்தேன்.