மேல்படிச் செருப்பு

அம்மாவின் அஸ்திக் கலயம் தாணுவின் கையைவிட்டு ஆற்றுக்குள் போனதும் ஐயர், "முழுக்குப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம கரையேறுங்கோ" என்றார்.

அவள் படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் தாணு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. வாசலில் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டாலே உள்ளிருந்து குரல் வந்துவிடும்: "எங்கல போற?" சலித்துக்கொண்டே திரும்புவான்.

இப்போது ஈர வேட்டி காலைத் தடுக்க, படிகளை ஒவ்வொன்றாக ஏறினான். செருப்பு மேல்படியில் கிடந்தது. ஒரு காலை நுழைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் தண்ணீரின் சத்தம் மட்டும்.

"நிக்கப்படாது, போங்கோ" என்றார் ஐயர்.

தாணு திரும்பவில்லை. "இங்கனதாம்மா நிக்கேன்" என்றான்.